நேர்வழியும் கொடுக்கல் வாங்கலும்: அல்குர்ஆனின் தொடக்க அத்தியாயங்கள் நம் கரைக்குச் சொல்வது

(கல்முனையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



ஒருவர் தம் பொருளில் ஒரு பங்கைப் பிரித்து, தமக்குப் பிறகும் இந்த ஊரில் அறிவு பேசப்பட வேண்டும் என்று ஒதுக்கி வைத்ததால்தான் இன்று நாம் இங்கே கூடியிருக்கிறோம். நாம் மிகவும் நேசிக்கும் பொருளிலிருந்து கொடுக்காத வரை நன்மையை அடைய முடியாது என்று மூன்றாவது அத்தியாயத்தின் 92ஆவது வசனம் அறிவித்தபோது, மதீனாவில் அபூ தல்ஹா (ரழி) அவர்கள் உடனே எழுந்து நபிகளாரிடம் சென்றார்கள். மஸ்ஜிதுந் நபவிக்கு எதிரே அவர்களுக்கு பைருஹா என்றொரு தோட்டம் இருந்தது. அதில் நல்ல தண்ணீர் இருந்தது; நபிகளாரே அங்கே போய் அருந்துவார்கள். சொத்துகளில் தமக்கு மிகவும் பிடித்த அந்தத் தோட்டத்தை அபூ தல்ஹா அல்லாஹ்வுக்காகக் கொடுத்துவிட்டார்கள். அதை உறவினர்களுக்குப் பங்கிடுமாறு நபிகளார் (ஸல்) வழிகாட்டினார்கள். வசனம் காதில் விழுந்ததும் காணி கைமாறியது. அல்குர்ஆனை முதலில் கேட்ட தலைமுறை அதைக் கேட்ட விதம் அது.

இன்றைய உரையில் நான் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றுதான். சூறத்துல் பாத்திஹாவில் நாம் நேர்வழியைக் கேட்கிறோம். அதை அடுத்து வரும் சூறத்துல் பகரா அந்த வழியைக் காட்டுகிறது. அது காட்டும் வழி, மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலின் ஊடாகச் செல்கிறது. தொழுகையில் கேட்டதற்கான பதில் கடையிலும் வயலிலும் வீட்டுக்குள்ளும் காத்திருக்கிறது. நம் ஊர்கள் கேள்வியை நன்றாகப் பாடமாக்கியிருக்கின்றன; பதிலின் பாதியைப் படிக்காமல் விட்டிருக்கின்றன. இதை ஆறு குறிப்புகளாக விரிக்கிறேன்.

1. கேள்வியும் பதிலும்

பாத்திஹாவில் ஏழு வசனங்கள். ஒரு நாளின் கட்டாயத் தொழுகைகளில் பதினேழு ரக்அத்துகள். ஐவேளையும் தொழுபவர் சுன்னத்துகளைச் சேர்க்காமலே ஒரு நாளைக்கு 17 தடவை நேர்வழியைக் கேட்கிறார். இத்தனை பேரால் இத்தனை தடவை சமர்ப்பிக்கப்படும் வேறொரு விண்ணப்பத்தை நான் அறியேன்.

பாத்திஹா முடிந்து அடுத்த அத்தியாயம் திறந்ததும், இது இறையச்சமுடையோருக்கு வழிகாட்டும் வேதம் என்ற அறிவிப்பு வருகிறது. கேட்டது வழி, கிடைத்ததும் வழி. இந்தத் தொடர்பை ஹிஜ்ரி 911இல் காலமான இமாம் ஸுயூத்தி போன்ற அறிஞர்கள் அத்தியாயங்களின் வரிசையை ஆராய்ந்த நூல்களில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

அந்த இறையச்சமுடையோர் யார் என்று மூன்றாவது வசனம் அடையாளம் சொல்கிறது. மறைவானவற்றை நம்புவது, தொழுகையை நிலைநாட்டுவது, தங்களுக்குக் கொடுக்கப்பட்டதிலிருந்து செலவிடுவது ஆகிய மூன்றையும் அந்த ஒரே வசனம் பேசுகிறது. கண்ணுக்குத் தெரியாத நம்பிக்கையில் தொடங்கி, கையிலிருக்கும் காசில் வந்து முடிகிறது. 286 வசனங்கள் கொண்ட அத்தியாயத்தின் போக்கு முழுவதும் இந்த ஒரு வசனத்திலேயே அடங்கியிருக்கிறது.

அத்தியாயத்தின் நடுவே கிப்லா மாற்றம் வருகிறது. ஹிஜ்ரத்துக்குப் பின் பதினாறு பதினேழு மாதங்கள் பைத்துல் முகத்தஸை நோக்கித் தொழுத சமூகம் கஃபாவை நோக்கித் திரும்பியது. எந்தத் திசை சரி என்று மதீனாவில் பெரிய விவாதம் நடந்தது. 177ஆவது வசனம் அந்த விவாதத்தின் தரத்தையே உயர்த்தியது. முகத்தைக் கிழக்குக்கோ மேற்குக்கோ திருப்புவதோடு நன்மை நிறைவடைந்து விடாது என்று சொல்லி, நன்மை எது என்று பட்டியலிட்டது. அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஈமான். அடுத்து, தான் விரும்பும் பொருளை உறவினருக்கும் அநாதைக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் யாசிப்பவருக்கும் அடிமை விடுதலைக்கும் கொடுப்பது. அதன் பிறகே தொழுகையும் ஸகாத்தும். பின்னர் வாக்குறுதியை நிறைவேற்றுவதும் துன்பத்தில் பொறுமையும். தொழுகையைத் தாழ்த்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அது மார்க்கத்தின் தூண். தூணை நட்டவர்கள் வீட்டையும் கட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

2. பாதியை எடுத்துப் பாதியை விட்டவர்கள்

40ஆவது வசனத்திலிருந்து பனூ இஸ்ராயீலரின் வரலாறு நீண்டு செல்கிறது. இதை 'அவர்களின்' கதையாக மட்டும் வாசித்துவிட்டுப் போகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அல்குர்ஆனோ அதை நமக்குப் பாடமாகவே வைக்கிறது.

83ஆவது வசனம் அவர்களிடம் வாங்கப்பட்ட உறுதிமொழியைச் சொல்கிறது. அல்லாஹ்வை மட்டும் வணங்குதல், பெற்றோருக்கும் உறவினருக்கும் அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும் நன்மை செய்தல், மனிதர்களிடம் நல்லதையே பேசுதல், தொழுகை, ஸகாத். நல்லதைப் பேசச் சொன்ன இடத்தில் இன்ன கூட்டத்தாரிடம் என்ற வரையறை இல்லை. தொடரும் இரு வசனங்கள், ஒருவர் இரத்தத்தை ஒருவர் சிந்தக் கூடாது, ஒருவரை ஒருவர் வீட்டிலிருந்து துரத்தக் கூடாது என்ற உறுதிமொழியையும் அது மீறப்பட்டதையும் சொல்கின்றன. அவர்கள் தம் மக்களையே வெளியேற்றினார்கள். பிறகு அதே மக்கள் கைதிகளாக வந்தபோது மீட்புப் பணம் கொடுத்து மீட்டு, வேதத்தைப் பின்பற்றியதாக நினைத்துக்கொண்டார்கள். வேதத்தில் ஒரு பகுதியை ஏற்று மறு பகுதியை மறுக்கிறீர்களா என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

வீட்டிலிருந்து துரத்தப்படுவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு இந்தக் கிழக்குக் கரையில் முஸ்லிம்களும் தமிழர்களும் மாறி மாறி வீடிழந்தார்கள், உயிரிழந்தார்கள். நம் வலியை மட்டும் நினைவில் வைத்து அயலவரின் வலியை மறப்பதும் உறுதிமொழியில் பாதியை விடுவதுதான். கல்முனையும் காரைதீவும் மருதமுனையும் பாண்டிருப்பும் ஒரே வீதியில் அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர்கள். இங்கே 83ஆவது வசனத்துக்கு அன்றாடம் வேலை இருக்கிறது.

3. கொடுப்பவரின் ஒழுக்கம்

261ஆவது வசனத்திலிருந்து அத்தியாயம் பொருளாதாரத்துக்குள் முழுமையாக நுழைகிறது. 274 வரை தானம், 281 வரை வட்டி, 282, 283 ஆகிய இரண்டும் கடன். தொடர்ச்சியாக 23 வசனங்கள்.

தானத்தைப் பற்றிய பகுதி, தானத்தின் அளவை விடக் கொடுப்பவரின் நடத்தையையே அதிகம் பேசுகிறது. கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டுவதும் மனதைப் புண்படுத்துவதும் கொடுத்ததையே அழித்துவிடும். அதற்கு அல்குர்ஆன் காட்டும் உவமை, வழுக்குப் பாறைமேல் படிந்த மண். ஒரு பெருமழை பெய்ததும் வெறும் பாறை எஞ்சும். அப்படிக் கொடுப்பதை விட ஓர் இனிய சொல்லும் மன்னிப்பும் மேல் என்கிறது 263ஆவது வசனம். வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே. ஆனால் ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பது இன்னும் சிறந்தது என்கிறது 271.

இப்போது ரமழானின் கடைசிப் பத்து நாட்களை நினைத்துப் பாருங்கள். கடை வாசலில் வெயிலில் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். நோன்பு பிடித்த நாக்கு வறண்டிருக்கிறது, இடுப்பில் பிள்ளை. உள்ளே இருந்து ஒரு தாள் நீட்டப்படுகிறது. அதை வாங்கும் கையைப் பக்கத்தில் ஒருவர் கைத்தொலைபேசியில் படம் எடுக்கிறார். மாலையில் அந்தப் படம் முகநூலில் இருக்கிறது. கொடுத்தவரின் எண்ணத்தை அல்லாஹ்வே அறிவான். ஆனால் அந்தப் பெண்ணின் மகன் நாளை வகுப்பறையில் அந்தப் படத்தைப் பார்ப்பான் என்பதை நாமும் அறிவோம். ஸகாத் வாங்குபவரின் உரிமை. உரிமையை வாங்க வருபவர் வரிசையில் நின்று முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. ஊர்தோறும் ஸகாத்தைக் கூட்டாகச் சேகரித்து, வீடு தேடிச் சென்று கொடுக்கும் முறையை நாம் வலுப்படுத்த வேண்டும்.

267ஆவது வசனம் விளைச்சலைப் பேசுகிறது. உழைப்பில் கிடைத்ததிலும் பூமி விளைவித்ததிலும் நல்லதைக் கொடுங்கள். உங்களுக்கே தந்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவீர்கள் என்றிருக்கும் மட்டமானதைக் கொடுக்காதீர்கள் என்பது அதன் கருத்து. மதீனாவில் சிலர் ஏழைகளுக்காகப் பள்ளிவாசலில் தொங்கவிட்ட பேரீச்சங்குலைகளில் சூம்பிய பழங்களும் இருந்தன. அதையொட்டி இவ்வசனம் இறங்கியது என்று ஹதீஸ் சொல்கிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால் நீர் பாயும் நம் வட்டைகளில் போகத்துக்குப் போகம் நெல் விளைகிறது. மழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, பாடுபட்டு நீர் இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒன்று என்பது ஹதீஸில் வந்த கணக்கு. வாய்க்கால் நீருக்கு எது பொருந்தும் என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்து, களத்திலேயே அளந்து பிரித்துவிடுவதுதான் முறை. விற்ற பிறகு மிஞ்சும் சாவி நெல்லைக் கொடுப்பது 267ஆவது வசனத்துக்கு நேர் எதிரானது.

4. அவகாசம் என்னும் கடமை

வட்டியை அல்குர்ஆன் கண்டிக்கும் கடுமை நம் எல்லோருக்கும் தெரியும். வங்கி வட்டியைப் பற்றிக் கேட்டால் சிறு பிள்ளையும் ஹராம் என்று சொல்லும். ஆனால் நெருக்கடியில் இருப்பவரின் நெருக்கடியிலிருந்து லாபம் எடுக்கும் வழிகள் வங்கியோடு முடிந்துவிடுவதில்லை.

விதைப்புக் காலத்தில் ஒரு சிறு விவசாயிக்குப் பசளைக்கும் எண்ணெய்க்கும் காசு வேண்டும். கொடுப்பவர் கொடுக்கிறார்; அறுவடையில் நெல்லாகத் தர வேண்டும் என்கிறார். அந்த நெல்லின் விலை அன்றே சந்தையை விட மிகக் குறைவாக முடிவாகிவிடுகிறது. வெள்ளம் வந்தாலும் கணக்கு மாறாது. அடுத்த போகத்தில் அது பெருகி நிற்கும். இதற்கு யாரும் வட்டி என்று பெயர் வைப்பதில்லை. கிழமைக்குக் கிழமை தவணை கேட்டு வாசலுக்கு வரும் நுண்கடன் நம் பெண்களின் நிம்மதியைப் பறித்ததையும் பார்த்தோம். அவர்கள் அங்கே போனது ஏன் என்று நாம் கேட்க வேண்டும். பத்தாயிரம் ரூபாயை அவகாசத்தோடு கடன் கொடுக்க ஊருக்குள் ஆளில்லாததால் போனார்கள்.

வட்டியைத் தடுத்த அதே இடத்தில் 280ஆவது வசனம் அதற்கான மாற்றைத் தருகிறது. கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்க வேண்டும். தள்ளுபடி செய்வது அதை விட மேல். முதலாவது கடமை, இரண்டாவது சிறப்பு. வட்டி வாங்காமல் இருப்பது பாதி வழி. அழகிய கடன் கொடுப்பதும் காத்திருப்பதும் மறு பாதி. தொடரும் 281ஆவது வசனம் அல்லாஹ்விடம் திரும்பும் நாளை நினைவூட்டுகிறது. இறுதியாக இறங்கிய வசனங்களுள் ஒன்றாக அது இப்னு அப்பாஸ் (ரழி) வழியாக அறிவிக்கப்படுகிறது.

5. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம்

ஆயத்துல் குர்ஸி இதே அத்தியாயத்தின் 255ஆவது வசனம். நம் வீடுகளில் அது சட்டமிட்டு சுவரில் தொங்குகிறது. கடைகளிலும் வாகனங்களிலும் இருக்கிறது. அதிலிருந்து 27 வசனங்கள் தள்ளி, அல்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் வருகிறது. அது கடனை எழுதுவதைப் பற்றியது. அதை எந்தச் சுவரிலும் நான் கண்டதில்லை.

அவ்வசனத்தின் நுணுக்கங்களைப் பாருங்கள். தவணை குறித்த கடனை எழுத வேண்டும். சிறியதோ பெரியதோ சலிப்படையக் கூடாது. எழுதத் தெரிந்தவர் நீதியோடு எழுத வேண்டும், மறுக்கக் கூடாது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்கியவர். கொடுத்தவருக்கு அந்த இடம் தரப்படவில்லை. பலவீனமான பக்கத்தின் வாயிலிருந்து வரும் ஒப்புதலே பத்திரமாகிறது. அவரால் சொல்ல முடியாவிட்டால் அவரது பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். இரண்டு ஆண்களோ, ஓர் ஆணும் இரண்டு பெண்களோ சாட்சியாக வேண்டும். எழுதியவருக்கும் சாட்சிக்கும் தொல்லை கொடுக்கக் கூடாது. கைக்குக் கை நடக்கும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை.

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைச் சட்டத்தின்படி, ஒரு காணி கைமாறுவதற்கு நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு உறுதி எழுதப்பட வேண்டும். நாட்டின் சட்டம் எழுத்தையும் இரு சாட்சிகளையும் கேட்பதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் வேதம் அவற்றைக் கேட்டுவிட்டது. அப்படியிருந்தும் பெர்மிட் காணி வெறும் கடதாசியில் விலைப்படுகிறது. சவூதியிலிருந்து தம்பி அனுப்பிய காசில் நானா வீடு கட்டுகிறார். கடனா, பங்கா, அன்பளிப்பா என்று யாரும் எழுதவில்லை. கலியாணத்துக்கென்று இரவல் வாங்கிய நகை அடகுக்குப் போகிறது. மருதமுனையில் நூலைக் கடனுக்கு எடுத்துத் துணியாகத் திருப்பும் கணக்கு வாய்ப்பேச்சிலேயே ஓடுகிறது. எழுதிக்கொள்வோமா என்று கேட்டால், “என்னில நம்பிக்கை இல்லையா?” என்ற பதில் வருகிறது. எழுதுமாறு சொல்லும் வசனம் ஈமான் கொண்டவர்களை அழைத்துத்தான் தொடங்குகிறது. எழுதுவது நம்பிக்கைக் குறைவென்றால் அந்த அழைப்புக்கே பொருளில்லை. எழுத்து நட்பைக் காக்கிறது; மறதியிலிருந்தும் மரணத்திலிருந்தும் காக்கிறது.

மரணத்தைப் பற்றி இந்தக் கரைக்குச் சொல்லவே வேண்டாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை வந்த ஆழிப்பேரலையில், இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடற்கரை ஓரத்து வீடுகள் வரிசை வரிசையாக அள்ளிச் செல்லப்பட்டன. கொடுத்தவரும் போனார், வாங்கியவரும் போனார், கணக்குக் கொப்பியும் போனது. எழுதிய பிரதியை வேறு இடத்தில் வைத்திருந்தால் எத்தனை அநாதைகளின் பங்கு மீண்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஜனாஸா தொழுகைக்கு முன் பள்ளிவாசல் முற்றத்தில் ஒருவர் எழுந்து நிற்கிறார். மையித்துக்கு யாருக்காவது கடன் இருந்தால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள் என்கிறார். கூட்டம் ஒரு கணம் மௌனமாக நிற்கிறது. பிறகு தக்பீர் கட்டப்படுகிறது. இது அழகிய வழக்கம். இதற்கு வேர் இருக்கிறது. கடனோடு இறந்த ஒருவருக்குத் தொழுவிக்க நபிகளார் (ஸல்) முன்வரவில்லை. அந்தக் கடனை அபூ கதாதா (ரழி) பொறுப்பேற்ற பிறகே தொழுவித்தார்கள். ஆனால் மூத்த மகன் வெளிநாட்டில், இளையவனுக்கு ஒன்றும் தெரியாது, உம்மா இத்தாவில். அந்த முற்றத்தில் யார் எழுந்து, இவர் எனக்கு மூன்று இலட்சம் தர வேண்டும் என்று சொல்வார்? சொன்னாலும் எதை வைத்து நம்புவது? 282ஐ உயிரோடு இருக்கும்போது செய்யாதவர்கள், ஜனாஸாவின் முன் அதைச் செய்ய முயல்கிறோம்.

6. வாய் திறக்காதவர்களின் சொத்து

தன் உரிமையைக் கேட்க முடியாதவர்களிடம்தான் ஒரு சமூகத்தின் நேர்மை சோதிக்கப்படுகிறது. பகராவின் 220ஆவது வசனம் அநாதைகளின் நலனைச் சீர்செய்வதே நல்லது என்கிறது. நான்காவது அத்தியாயமான அந்நிஸா அதை விரித்து, அநாதைகளின் நல்ல பொருளை எடுத்து மட்டமானதை வைப்பதைத் தடுக்கிறது. அநியாயமாக அதைத் தின்பவர் வயிற்றில் நெருப்பைத் தின்கிறார் என்று எச்சரிக்கிறது. பெண்ணுக்குரிய மஹரை மனமுவந்து கொடுக்கச் சொல்கிறது அதன் நான்காவது வசனம்.

இங்கே நம் கரையின் ஒரு வழக்கத்தை நேராகப் பேச வேண்டும். தாய்வழியாக வீடு மகளுக்குச் செல்வது கிழக்கில் முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் பொதுவான நீண்ட மரபு. பெண்ணுக்குச் சொந்தக் கூரை இருப்பது நன்மைதான். அதை நான் குறை சொல்லவில்லை. அந்த மரபு நிபந்தனையாக மாறியதுதான் துன்பம். மூன்று மகள்களின் வாப்பா மூன்று வீடு கட்ட வேண்டும். முடியாத வீட்டில் உம்மா பணிப்பெண்ணாகக் கடல் கடக்கிறார். வீட்டோடு, மாப்பிள்ளைக்கான ரொக்கமாகக் கைக்கூலியும் கேட்கப்படுகிறது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டமே கைக்கூலியைத் தனியே குறிப்பிட்டு, அதை மீட்க வழி வகுக்கும் அளவுக்கு அந்த வழக்கம் ஆழமானது. மஹரோ, பெரும் தொகை கைமாறிய அதே மேசையில் பெயரளவில் எழுதப்படுகிறது. கொடுக்க வேண்டியவர் வாங்குகிறார். பெற வேண்டியவள் கொடுக்கிறாள். அல்குர்ஆன் காட்டிய திசைக்கு நேர் எதிரான திசை இது. இதைச் சொல்லும் பொறுப்பு நிகாஹ் குத்பா ஓதுபவர்களுக்கு முதலில் இருக்கிறது.

செய்யக்கூடியவை

பெரியோர்களே, கேட்டுவிட்டுக் கலைந்து போவதற்காக இந்த அறக்கட்டளை நிறுவப்படவில்லை. ஆகவே மூன்று முன்மொழிவுகளை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

ஒன்று: குர்ஆன் மதுரசாக்களில் 282ஆவது வசனத்தை ஓதப் பழக்குவதோடு, ஒவ்வொரு மாணவருக்கும் மாணவிக்கும் ஒரு கடன் பத்திரத்தைத் தமிழில் எழுதவும் பழக்குவோம். தொகை, தவணை, வாங்கியவரின் ஒப்புதல், சாட்சிகள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு மணித்தியாலத்தில் கற்றுக்கொள்ளும்.

இரண்டு: ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் விரும்புவோரின் கடன், அமானிதம், வஸிய்யத் ஆகியவற்றின் பிரதிகளைப் பாதுகாக்கும் ஒரு பதிவை, கடலுக்கு எட்டாத ஓரிடத்தில் வைக்கட்டும்.

மூன்று: ஒவ்வோர் ஊரிலும் வசதி உள்ளவர்கள் சேர்ந்து வட்டியில்லாக் கடன் நிதி ஒன்றைத் தொடங்கட்டும். பயிர் அழிந்தால் அவகாசம் உண்டு என்ற விதியை அதன் முதல் பக்கத்திலேயே எழுதட்டும். தமிழ் அயலவர் கேட்டாலும் அது கொடுக்கட்டும்.

எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சுமத்துவதில்லை என்று கூறி சூறத்துல் பகரா நிறைவடைகிறது. அந்த வசனத்தை நாம் ஆறுதலாக ஓதுகிறோம். அதில் பொறுப்பும் இருக்கிறது. சுமத்தப்பட்டது எதுவோ அது நம் சக்திக்குள் இருக்கிறது என்பதும் அதன் பொருளே. ஒரு தாள், ஒரு பேனை, இரண்டு சாட்சிகள், கொஞ்சம் அவகாசம்: இவை யாருடைய சக்திக்கும் அப்பாற்பட்டவை இல்லை. இனி நமக்குச் சாட்டு ஏதும் மீதமில்லை. இந்தக் கிழமையே, நம் தலையில் இருக்கும் கடன் ஒன்றையாவது நாமே வாசகம் சொல்லி எழுதிக் கொடுப்போம்.